வில்பட்டி நண்டும் பம்பாய்ப் பெட்டியும்

நண்டைக் கண்ணால் பார்த்தாலே குளித்துவிடும் குடும்பத்தில் பிறந்த என்னை, நண்டு பிடித்து வரும்படி கோடைக்கானலுக்கு அனுப்பினார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. என் மேலதிகாரி மராத்தியர், நல்ல மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சிவகாமி, நீ மதராஸிப் பெண்தானே? கோடைக்கானல் உனக்குத் தெரிந்திருக்குமே" என்றார். எனக்கு ஊர் திருநெல்வேலி, பத்து வயதிலிருந்து மாதுங்காவில் குடியிருக்கிறோம், கோடைக்கானலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்றேன். "அப்படியானால் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். பெரிய தேசங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு ஆகாயத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலம் அது. வெடித்த இடத்துத் தூசி அங்கேயே இருந்துவிடுவதில்லை. மேலே போய், உலகத்தைச் சுற்றி, எங்கெல்லாம் மழை அதிகமோ அங்கெல்லாம் மழையோடு இறங்குகிறது. அதில் ஒரு சரக்கு சுண்ணாம்பின் தம்பி மாதிரி. சுண்ணாம்பு போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும்: பாலில், எலும்பில், நண்டின் ஓட்டில். மழை நிறையப் பெய்யும் மலையில், ஜனங்கள் பிடித்துத் தின்னும் நண்டில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். "நீ தின்ன வேண்டாம், எரித்தால் போதும்" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

துணைக்குச் சேவியரை அனுப்பினார்கள். சேவியர் தூத்துக்குடிக்காரர், எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். நண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சிக்கும் விஞ்ஞானத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மலையேறும் பஸ்ஸில் எங்களிடம் இரண்டு பெட்டிகள் இருந்திருக்க வேண்டும். ஒன்று, கதிரியக்கத்தைக் கண்டால் டிக் டிக்கென்று சத்தம் போடும் கருவி. அது என் மடியில் இருந்தது. மற்றது ஈயக் கட்டிகள் அடுக்கிய மரப்பெட்டி. சுற்றியுள்ள கல்லிலும் மண்ணிலும் இருந்து வரும் கதிர்கள் கணக்கில் கலந்துவிடாமல், கருவியைச் சுற்றி இந்த ஈயத்தைச் சுவர்போல் அடுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். பெட்டி தலையணை அளவுதான். ஆனால் வத்தலக்குண்டில் தூக்க வந்த போர்ட்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்.

"உள்ள என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"ஈயம்."

"ஈயமா?" என்று சிரித்தார். தங்கம் கடத்துகிறவர்கள் எல்லோரும் ஈயம் என்றுதான் சொல்வார்கள் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் போலிருந்தது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "போன தடவை என் பக்கத்தில் ஓர் ஆடு உட்கார்ந்திருந்தது. இந்த அம்மாளின் பெட்டி பரவாயில்லை, வாந்தி எடுக்கவில்லை." மற்றவள் சொன்னாள்: "பொறு, இன்னும் பாதி மலைகூட வரவில்லை."

அவள் சொன்னதும் சரிதான். பெட்டி எடுக்கவில்லை, நான் எடுத்தேன். சேவியர் கடலில் பழகியவர். அத்தனை வளைவுகளிலும் வாயைத் திறந்து தூங்கினார். நடுவழியில் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்து பேரிக்காய் தின்றார். கண்டக்டர் அருவியில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினார். பம்பாயில் மின்சார ரயில் ஐந்து நிமிடம் நின்றால் ஜனங்கள் கத்துவார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் பேரிக்காய் வாங்கினார்கள்.

கோடைக்கானலில் இறங்கிப் பார்த்தால் ஈயப் பெட்டி இல்லை. கண்டக்டர் கூரைமேல் ஏறித் தேடினார். பிறகு, கடவுள் காரியத்தைச் சொல்வது போன்ற குரலில் சொன்னார்: "வத்தலக்குண்டுல பக்கத்துல நின்ன பழனி வண்டியில ஏத்திட்டானுங்க போலங்க. கவலப்படாதீங்க. முருகன் கொண்டாந்து சேத்துருவாரு."

சேவியர் கத்தோலிக்கர். இருந்தாலும் தலையாட்டினார்.

தங்குவதற்கு நாயுடுபுரத்தில் ஒரு கடையின் பின்னால் இரண்டு அறை கிடைத்தது. கடைக்காரர் தனராஜ். மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிக்கேன் விளக்கு, பெட்ரோமாக்ஸ், அவற்றின் உதிரி சாமான்கள் எல்லாம் விற்பவர். பேச்சையும் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்றார். எங்கள் அறைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நாங்கள் இந்தப் பக்கம் தும்மினால் அவர் அந்தப் பக்கத்திலிருந்து "குளிர் ஒத்துக்கலீங்களா?" என்பார்.

"என்ன சோலியா வந்திருக்கீங்க?" என்று முதல் நாளே கேட்டார். நண்டைப் பரிசோதிக்க என்றேன். பம்பாயில் நண்டு கிடைக்காதா என்றார். கிடைக்கும், ஆனால் அது கடல் நண்டு என்றேன். "அப்ப நீங்க டாக்டரா?" என்றார். இல்லை என்று சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் நாயுடுபுரம் முழுவதும் எனக்கு டாக்டரம்மா என்று பெயராகிவிட்டது.

அன்று கருவியைப் பலகைச் சுவரோரம் மேஜையில் வைத்து, வெறும் கிண்ணத்தை அதன் அடியில் வைத்து எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் இல்லாதபோது எத்தனை சத்தம் வருகிறது என்று தெரிந்தால்தானே நண்டின் சத்தத்தைப் பிரிக்க முடியும். சீராக, சோம்பலாக டிக்கியது. சேவியர் கணக்கெழுதிக்கொண்டார்.

சாப்பாடு தெருமுனைக் கிளப்பில். காலையில் இட்லி. அடுப்பிலிருந்து என் இலைக்கு வருவதற்குள் அது கூழாங்கல் ஆகிவிடும். தொட்டுக்கொள்ள மலைப்பூண்டுச் சட்னி. அந்தச் சட்னிக்காக அந்தக் கூழாங்கல்லை எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம். மதியம் சௌசௌ கூட்டு. இரவு சௌசௌ சாம்பார். மறுநாள் வேறு காய் உண்டா என்று கேட்டேன். "இருக்குங்க" என்று பெருமையோடு சௌசௌ பொரியல் கொண்டுவந்து வைத்தார்கள்.

நண்டுக்கு வில்பட்டி அங்கம்மாளைப் பார்க்கச் சொன்னார் தனராஜ். மறுநாள் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் தொற்றிக்கொண்டு போனோம். அங்கம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெற்றிலைக்காவி ஏறிய பல், முழங்கைவரை கீறல்கள். ஓடையில் நண்டு பிடித்துச் சந்தையில் விற்பது அவள் தொழில். அந்தக் குளிரில் யாருக்குச் சளி பிடித்தாலும் நண்டு ரசம்தான். ஆகவே யாருக்காவது எப்போதும் நண்டு வேண்டியிருந்தது.

"எரிக்கிறதுக்கா நண்டு கேக்குறீங்க?" என்றாள்.

"ஆமாம்."

"திங்கறதுக்கு இல்ல?"

"இல்லை."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "படிச்சவுக" என்று முடிவாகச் சொல்லிவிட்டு ஓடையில் இறங்கினாள். பாறை இடுக்கில் கையை விட்டால் நண்டோடுதான் வெளியே எடுத்தாள். சேவியர் தானும் கடற்கரைக்காரன்தான் என்று காட்டுவதற்காக வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். ஒரு நண்டு அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. "அது ஒங்க ஊரு நண்டு இல்லீங்க, விடாது" என்றாள் அங்கம்மாள், சிரிப்பை அடக்காமல்.

ஓடையருகிலேயே அவள் வீடு. வாசலில் வெயில் காய்ந்துகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. அங்கம்மாளின் மருமகள் வேலுத்தாய். "பிள்ள பெத்த ஒடம்புல சளி கட்டிக்கிருச்சு" என்றாள் அங்கம்மாள். "நாந்தேன் தெனம் நண்டு ரசம் வச்சு ஊத்துறேன். இப்பத்தேன் மூச்சு விடுறா." மருமகள் லேசாகச் சிரித்தாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் கருவியை வெளியே எடுக்கவில்லை. ஏனோ அங்கே அதை எடுக்கத் தோன்றவில்லை.

நாயுடுபுரத்துக்குத் திரும்பி, கொல்லைப்புறத்துக் கரி அடுப்பில் வேலை தொடங்கியது. ஓட்டையும் சதையையும் தனித்தனியாகப் பிரித்து, வறுத்து, கருக்கி, சாம்பலாக்க வேண்டும். நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரித்தேன். அம்மா பார்த்திருந்தால் என்னைக் கிணற்றடியிலேயே வைத்துத் தலைமுழுகியிருப்பாள். நண்டு வறுபடும் வாசனை தெருவரை போனது. சேவியர் கரண்டியும் கையுமாக என் பக்கத்தில் நின்றார். அவர் முகம் துக்க வீட்டில் நிற்பதுபோல் இருந்தது. "மிஸ், நல்லா சிவந்து வருது. இந்தப் பதத்துல எறக்கிட்டா..." என்றார். "கரியாகட்டும்" என்றேன். "இது பாவம் மிஸ்" என்றார்.

மறுநாள் சாம்பலைக் கிண்ணத்தில் இட்டுக் கருவியின் அடியில் வைத்தோம். டிக் டிக் டிக்கென்று கொட்டத் தொடங்கியது. முதல் நாள் வெறும் கிண்ணத்துக்கு வந்ததைப்போல் இரண்டு மடங்கு. ஓட்டுக்கும் அப்படி, சதைக்கும் அப்படி.

"ரெண்டு மடங்கு மிஸ்!" என்று கத்தினார் சேவியர்.

பலகைக்கு அந்தப் பக்கம் தராசுச் சத்தம் நின்றது. தனராஜ் வாசலில் வந்து நின்றார். "எது ரெண்டு மடங்குங்க?"

விஞ்ஞானம் கற்பித்தபடி, "இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். உறுதியாகத் தெரிந்து மறைக்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது நாயுடுபுரத்தின் அபிப்பிராயம். பொழுது சாய்வதற்குள் நண்டுக்குள் அணுகுண்டுத் தூசி இருக்கிறது என்று ஆயிற்று. மறுநாள் கிளப்பில் என் பக்கத்து இலைக்காரர் அடுத்தவரிடம், நண்டை அடுப்பில் வைத்தால் வெடிக்குமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சௌசௌ இறங்கவில்லை. நண்டு வெடிக்காது. ஆனால் இரண்டு மடங்கு என்பது பொய்யல்லவே. அந்த வீட்டு வாசலில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை என் கண்ணை விட்டுப் போகவில்லை. தாய் தின்பது பாலில் வரும். பாலில் வருவது பிள்ளையின் எலும்பில் போய் உட்காரும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. கூட்டம் தோளோடு தோள் இடித்தது. பூம்பாறைப் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், எங்கே பார்த்தாலும் சௌசௌ. அங்கம்மாளின் கூடையைச் சுற்றி மட்டும் ஒரு பஸ் திரும்பும் அளவு இடம் காலியாகக் கிடந்தது. அவள் எங்களைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பகல் சாப்பாட்டுக்கு நான் கிளப்புக்குப் போகவில்லை. காலையில் வாங்கி வைத்த இட்லிப் பொட்டலத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கம்மாள் நேராக அறைக்குள் வந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். உள்ளே நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"ஏம்மா, ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? கேட்டீங்க, ஓடையில எறங்கிப் புடிச்சுக் குடுத்தேன். இப்ப ஊரே என்னைய வெசம் விக்கிறவன்னு பாக்குது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"விக்காட்டி போகுது. கூலிக்குப் போயிக்கிருவேன். எம் மகன் முத்தையா இருக்கானே, 'ஏலே, என்னைப் பாரு'ன்னா பாக்க மாட்டேங்குறான். 'எம் பிள்ளைக்கு வெசத்த ஊத்திட்டியே'ன்னு கேக்குறான். நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸுல பொண்டாட்டியயும் பிள்ளையயும் பெரியகுளத்துல அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விடப்போறானாம். இனிமே இந்த வீட்டுப் பக்கம் அனுப்ப மாட்டானாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நெசத்தச் சொல்லுங்க. வெசமா, இல்லையா?"

"நாளைக் காலைக்குள் சொல்கிறேன்" என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சேவியர் கருவியைத் திறந்து கம்பிகளைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுபடி நண்டுச் சாம்பலை வைத்தோம். இரண்டு மடங்கு. கோபத்தில், என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே, சாம்பலை எடுத்துவிட்டு என் இட்லி ஒன்றை அங்கே வைத்தேன்.

இரண்டு மடங்கு.

நானும் சேவியரும் இட்லியைப் பார்த்தோம். அதே கிளப்பில்தான் அவரும் காலையில் ஆறு தின்றிருந்தார். "மிஸ்" என்று மெதுவாகச் சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

இட்லியை எடுத்துவிட்டு வெறும் கிண்ணத்தை வைத்தேன். அதே இரண்டு மடங்கு. நண்டும் இல்லை, இட்லியும் இல்லை. இந்த அறைக்கு நாங்கள் வந்தபிறகு வேறு ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. வெறும் கிண்ணத்தை முதல் நாள் அளந்ததோடு விட்டுவிட்டோம். ஈயச் சுவர் இருந்திருந்தால் அது கருவியை எட்டியே இருக்காது. கருவியின் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தேன். ஜன்னல் பக்கம் டிக்குகள் தளர்ந்தன. கதவுப் பக்கம் தளர்ந்தன. மேஜைக்குப் பின்னால் பலகைச் சுவரில் வைத்ததும் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டியது.

நான் தெருவைச் சுற்றிக் கடைக்குள் போனேன். தனராஜ் எழுந்து நின்றார். அந்தச் சுவரோரம் அலமாரி நிறையப் புதிய அட்டைப்பெட்டிகள்.

"இது எப்போது வந்தது?"

"நீங்க வில்பட்டிக்குப் போனீங்களே, அன்னைக்குத்தாங்க மதுரையில இருந்து லோடு வந்துச்சு. பெட்ரோமாக்ஸ் மேன்டில்."

விளக்கின் உள்ளே வலைபோலக் கட்டி எரியவிடுகிற அந்த வெள்ளைப் பை. அது அவ்வளவு பிரகாசமாக எரிவதற்காகத் தோரியம் என்ற உப்பில் தோய்க்கிறார்கள். தோரியம் இயற்கையிலேயே கதிர்வீசும். கல்லூரியில் முதல் வருஷம் படித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சீமைக்கு வெளிச்சம் தரும் அளவுக்கு மேன்டில் அடுக்கியிருக்க, இந்தப் பக்கம் நான் நண்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழாயை ஒரு பெட்டியருகில் கொண்டுபோனேன். அது போட்ட சத்தத்தில் தனராஜ் ஓரடி பின்னால் போனார்.

"அப்ப குண்டு என் மேன்டில்ல இருக்குங்களா?"

"இல்லை. இது வேறு. விளக்கில் கட்டி எரிக்கலாம், பயமில்லை."

"நீங்க பயமில்லன்னு சொன்னா ஊர்ல பயந்துருவாங்க" என்றார். முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "இதை மட்டும் வெளிய சொல்லிராதீங்கம்மா. எட்டுப் பிள்ளைங்க."

கருவியைத் தூக்கிக்கொண்டு, கொல்லைக்கும் அப்பால் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டிலுக்குப் போனோம். மதியமே பனிமூட்டம் இறங்கி இருட்டிக்கொண்டிருந்தது. அங்கே வைத்து நண்டையும் வெறும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றி எண்ணினோம். வித்தியாசம் தெரியவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் மலையேறி வந்த பஸ்ஸின் கண்டக்டர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஈயப் பெட்டி! அதன் நெற்றியில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். மேலே காய்ந்த சாமந்திச் சரம்.

"பழனி பஸ் ஸ்டாண்டுல ஒரு பூக்கடைக்காரரு எடுத்து வச்சிருந்தாருங்க. இம்புட்டுக் கனமா இருக்கவும் யாரோ நேந்துக்கிட்ட காணிக்கைன்னு நெனச்சு, தெனமும் பத்தி கொளுத்தி வச்சிருக்காரு."

ஈயத்தை அடுக்கினோம். வெளிச்சத்தம் அடங்கியது. ஓட்டுச் சாம்பலை உள்ளே வைத்தால் மயிரிழை கூடுதலாக ஏதோ கேட்பதுபோல் இருந்தது. இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதைப் பம்பாயில் ரசாயனப் பிரிவில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அளவு, நாம் குடிக்கும் பாலிலும் தின்னும் அரிசியிலும் இருப்பதற்கு மேல் போக வழியில்லை. சாப்பிடலாம். அதைச் சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருந்தது.

காலையில் வில்பட்டிக்குப் போனபோது முதல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தனராஜும் எங்களோடு வந்தார். தான் கிளப்பிவிட்டதைத் தானே அடக்குவதாகச் சொன்னார். மேன்டில் பேச்சு எழுந்தால் அருகில் இருப்பது நல்லது என்றும் நினைத்திருக்கலாம். ஜன்னலோர இருக்கையில் வேலுத்தாய், போர்வைக்குள் குழந்தை. வாசற்படியில் தகரப் பெட்டியோடு முத்தையா. ஏதோ பங்களாவில் தோட்டவேலை செய்கிறவன், இருபத்தைந்து வயதிருக்கும். அங்கம்மாள் பஸ்ஸுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகாதே என்று சொல்லும் ஜாதியில்லை அவள்.

"நண்டில் விஷம் இல்லை" என்றேன் உரக்க.

"அம்மாவோட மிஷினுக்கு நம்ம ஊர்ப் பனி ஒத்துக்கலப்பா" என்று தனராஜ் இடையில் புகுந்தார். "அதுக்கே சளி புடிச்சுப்போச்சு. தப்பாச் சொல்லிருச்சு."

கருவியைக் குறை சொன்னது சேவியருக்குப் பொறுக்கவில்லை. "மிசினு நல்லாத்தான் இருக்கு" என்று தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

முத்தையா நம்பவில்லை. "அன்னைக்கு ரெண்டு மடங்குன்னீங்க. இன்னைக்கு இல்லங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?" நியாயமான கேள்வி.

அங்கம்மாள் விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். ஆவி பறக்கும் ஒரு சட்டியோடும் அகப்பையோடும் வந்தாள். "யாரு குடிக்கிறீங்க?" என்றாள்.

சேவியர் முன்னால் வந்துவிட்டார். மலையேறிய நாளிலிருந்து அவர் காத்திருந்த நிமிஷம் அது. ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டார். நண்டின் காலைக் கடித்து உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் வந்தது. பஸ்ஸிலிருந்து ஒரு குரல்: "அவரு கடக்கரை ஆளுப்பா. எதையும் திம்பாரு."

அப்போது வேலுத்தாய் ஜன்னல் வழியாக என்னிடம் பேசினாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"நீங்க குடிப்பீங்களா?"

"நான் சைவம்மா."

அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "சைவமா, பயமா?"

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். மாதுங்காவில் என் அம்மா அந்நேரம் பூஜையில் இருப்பாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் நிறைய விளக்கம் இருந்தது. ஒன்றும் உபயோகமில்லை என்று தெரிந்தது. அவள் கேட்டதற்கு ஒரு பதில்தான் உண்டு. கையை நீட்டினேன். அங்கம்மாள் டம்ளரை நிரப்பினாள். கொஞ்சம் அதிகமாகவே நிரப்பினாள்.

"யம்மா, வெரசாக் குடிங்க, டயம் ஆச்சு" என்றார் கண்டக்டர்.

மிளகு முதலில் வந்தது. பிறகு பூண்டு, சீரகம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். அவற்றுக்கு அடியில் தெரியாத ஒன்று, இலேசான இனிப்போடு, ஓடைக்கல்லை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அத்தனை பேரும் நான் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். நான் விழவில்லை. மூக்கு அடைத்திருந்தது, அது திறந்துகொண்டது.

வேலுத்தாய் எழுந்தாள். முத்தையா ஏதோ சொன்னான். அவள், "பெட்டிய எறக்குங்க" என்றாள். இறங்கி வந்தவள் என் எதிரே நின்று, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்றாள், இந்த முறை மெதுவாக.

"நண்டால் ஒன்றும் ஆகாது."

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மாமியாரிடமிருந்து டம்ளரை வாங்கினாள். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஊற்றினார்கள், குடித்தார்கள். பஸ் போய்விட்டது. முத்தையா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

குழந்தை ஒரு பூண்டு மூட்டையின் கனம்கூட இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் சொன்னது நிஜம்தான். ஆனால் முழுவதும் சொல்லவில்லை. உலகத்தில் அந்த வருஷம் பிறந்த எல்லாக் குழந்தைகளின் எலும்பிலும் அந்தத் தூசி துளித்துளியாகப் போய்க்கொண்டிருந்தது. நண்டு தின்றாலும், தின்னாவிட்டாலும். அதற்கு அங்கம்மாள் என்ன செய்வாள்? எந்தப் பஸ்ஸில் ஏறி எந்த ஆத்தா வீட்டுக்குப் போவது? நான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன்.

பம்பாயில் சாம்பலைப் பிரித்து அளந்தார்கள். ஓட்டில் இருந்தது, கொஞ்சம். சதையில் அதைவிட மிகக் கொஞ்சம். ரசம் குடிக்கிறவர்கள் ஓட்டைத் தின்பதில்லை. மேலதிகாரி படித்துவிட்டு, "கோடைக்கானல் பார்த்தாயா?" என்று கேட்டார். ஏரியைப் பார்க்கவே மறந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் லீவில் சேவியர் தூத்துக்குடிக்குப் போனார். வழியில் இல்லாத கோடைக்கானலை வழியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போயிருக்கிறார். திரும்பி வந்து சொன்னார்: "சந்தையில அங்கம்மா கூவிக்கிட்டு நிக்கா மிஸ். 'பம்பாய் டாக்டரம்மா குடிச்ச நண்டு'ன்னு! கூட்டம் தாங்கல. மருமகதான் பக்கத்துல உக்காந்து எண்ணிப் போடுதா." பிறகு ஈரப் பாசியில் பொதிந்த ஒரு கூடையை மேஜைமேல் வைத்தார். "இது ஒங்களுக்குக் குடுத்துவிட்டா. எரிக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னா."

உள்ளே ஏதோ நகர்ந்தது. கூடையைச் சேவியரின் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொன்னேன். மறுநாள் அவர் மனைவி ஒரு தூக்குவாளியில் ரசம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு நல்ல சளி.